திருப்பி மாட்டிய பலகைகள்

போன ஆகஸ்ட் மாதம் ஒரு வியாழக்கிழமை, காலை ஆறே காலுக்குப் பாலக்காட்டில் பொள்ளாச்சி பஸ் ஏறினேன். சித்தூர், நல்லேப்பிள்ளி, கோபாலபுரம் வழியாகப் பொள்ளாச்சி. அங்கிருந்து உடுமலை, மறையூர், காந்தலூர். இரண்டு நாள் பயணம். ஊர் சுற்றப் போகவில்லை, உதவித்தொகையில் போனேன். இளம் நகரமைப்பாளர்களுக்குப் பயண உதவித்தொகை தரும் ஓர் அறக்கட்டளை, வெளிப்புற விளம்பரங்களை ஆராய என்னைத் தேர்ந்தெடுத்திருந்தது. எல்லையோரச் சாலைகளில் ஹோர்டிங், சுவர் விளம்பரம், கடைப்பலகை, மரத்தில் அடித்த தகரம் வரை எது எங்கே நிற்கிறது என்று பார்ப்பதுதான் என் தலைப்பு.

இரண்டு பயணங்களுக்குச் செலவு தருவார்கள். முதலாவது கணக்கெடுக்க, இரண்டாவது சரிபார்க்க. இது இரண்டாவது. எப்படி விண்ணப்பிப்பது என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள், கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். அதை விட்டுவிட்டுப் பஸ் நேரத்தை மட்டும் எழுதினால் பாதிப் பொய் சொன்னதாகிவிடும்.

வேலை என்னவென்றால், கையில் போன். ஒவ்வொரு பலகையையும் படம் எடுக்க வேண்டும், இடம் தானாகப் பதிவாகிவிடும். அளவு, மொழி, சாலையிலிருந்து தூரம் எல்லாவற்றையும் நாம் நிரப்ப வேண்டும். கடைசியாக ‘நிலை’ என்று ஒரு கட்டம். அதில் மூன்றே பதில்கள்: அனுமதி உள்ளது, அனுமதி இல்லாதது, கைவிடப்பட்டது. எழுத்து அழிந்தும் வெறுமையாகவும் நிற்கிற பலகை மூன்றாவதில் சேரும். கணக்கெடுப்பு முடிந்ததும் அந்தந்தப் பகுதியின் உள்ளாட்சி அலுவலகத்துக்குப் பட்டியலைக் கொடுத்துவிட வேண்டும் என்பது உதவித்தொகையின் நிபந்தனை. ஆய்வு அலமாரியில் தூங்கக்கூடாது என்று நானே விண்ணப்பத்தில் பெரிதாக எழுதியிருந்தேன்.

நல்லேப்பிள்ளி பாலக்காட்டிலிருந்து பதினெட்டு கிலோமீட்டர். ஏழு பத்துக்கு இறங்கினேன். இருபுறமும் வயல், நடுவில் நேர்ரோடு. முதல் பயணத்தில் இங்கே ஒரு சிமெண்ட் விளம்பரச் சுவரைப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது வீட்டுக்காரர் கையில் மண்வெட்டியோடு வெளியே வந்தார்.

“ஏனுங்க, யாரக் கேட்டுப் படம் புடிக்கறீங்க?” என்றார்.

விவரம் சொன்னேன். “அட, அதுக்கா” என்று சிரித்துவிட்டு அவரே பேச ஆரம்பித்தார். சுவருக்கு வாடகை எதுவும் கிடையாதாம். கம்பெனி ஆட்கள் வருஷத்துக்கு ஒருமுறை நோம்பிப் பண்டிகைக்கு முன்னால் வந்து, விளம்பரம் எழுதுகிற பக்கத்தோடு சுற்றுச்சுவர் முழுவதுக்கும் வெள்ளையடித்துக் கொடுத்துவிட்டுப் போவார்களாம். “எங்க ஊட்டுக்குச் சுண்ணாம்புச் செலவு மிச்சமுங்க, அவிகளுக்குச் சுவரு மிச்சமுங்க” என்றார். அதை அப்படியே எழுதினேன். என் அறிக்கையில் எல்லாரும் பாராட்டிய பக்கம் அதுதான். நான் கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டேன். அவர் மண்வெட்டியோடு வெளியே வந்து கேட்டதால்தான் அந்தப் பக்கமே கிடைத்தது என்று அப்போது தோன்றவில்லை.

இந்த முறை அவர் வயலுக்குப் போயிருந்தார். சுவரில் விளம்பரம் புதிதாக எழுதியிருந்தார்கள். சரிபார்த்து டிக் போட்டுவிட்டு எட்டரைக்கு அடுத்த பஸ் பிடித்தேன். கோபாலபுரம் செக்போஸ்ட்டுக்கு முன்னால் டீக்கடையில் இரண்டு பருப்பு வடையும் ஒரு டீயும், முப்பத்தாறு ரூபாய். கடைக்காரருக்கு என்னை நினைவிருந்தது.

“போர்டு எண்ணற பொண்ணுதானுங்க நீங்க? போன தடவ எண்ணுனது போதலயாக்கும்?”

“சரியா எண்ணினேனான்னு பார்க்க வந்திருக்கேன்.”

“அதுக்கும் ஆரோ காசு குடுக்கறாங்களா? நல்ல உத்தியோகமுங்க” என்றார். நானும் சிரித்தேன். அன்று மதியம் வரை எனக்கும் அப்படித்தான் இருந்தது.

பொள்ளாச்சிக்குப் பத்தரை, உடுமலைக்குப் பன்னிரண்டு. உடுமலையில் சாப்பிட்டுவிடுங்கள், மேலே போனால் மூன்று மணிக்கு மேல் சோறு கிடைப்பது சிரமம். ஒரு மணிக்கு மறையூர் வழியாக மூணாறு போகிற பஸ். உடுமலையிலிருந்து மறையூர் நாற்பத்திரண்டு கிலோமீட்டர், பாதிக்கு மேல் காடு. இடப்பக்க ஜன்னலோரம் கிடைத்தால் சின்னாறு தாண்டி யானை தென்படலாம், எனக்கு மயில்தான் தென்பட்டது. காட்டுக்குள் ஒரு விளம்பரப் பலகைகூட இல்லை என்பதால் எனக்கு அது ஓய்வு நேரம். மறையூரில் இரண்டே முக்காலுக்கு இறங்கினேன். அங்கிருந்து காந்தலூர் பதினைந்து கிலோமீட்டர். பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்றார்கள். வழியில் நிறுத்தி நிறுத்திப் போக வேண்டியிருந்ததால் ஜீப் பேசினேன், எழுநூறு ரூபாய். ஓட்டுநர் பெயர் சேவியர்.

காந்தலூருக்குச் சற்று முன்னால் ஒரு வளைவில், தோட்டங்களுக்கு ஏறுகிற மண்பாதை ஒன்று பிரிகிறது. எந்த வளைவு என்று எழுதப் போவதில்லை, கீழே வரும் இருவரின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். பிப்ரவரியில் நான் வந்தபோது அந்தப் பிரிவில் ஒரு மரக்கம்பம் இருந்தது, அதில் மூன்று பலகைகள். மூன்றிலும் ஒரு எழுத்துகூட இல்லை. வெறும் மரம்தான், சாயம்கூடப் பூசவில்லை. ‘கைவிடப்பட்டது’ என்று மூன்று முறை தட்டினேன். வளைவும் பலகையும் ஒரே படத்தில் வர வேண்டும் என்பது விதி. அதற்குத் தோதான இடம் முனையில் இருந்த வீட்டு வாசல்படி. வீட்டுக்காரர் பாண்டி அண்ணன் உட்காரச் சொல்லிப் பால் விடாத கட்டன்சாயா கொடுத்தார். அரைமணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம். பூண்டு விலை, மகளின் நர்சிங் படிப்பு, காட்டுப்பன்றித் தொல்லை எல்லாம் பேசினோம். பத்தடி தூரத்தில் நிற்கிற பலகைகள் ஏன் வெறுமையாக இருக்கின்றன என்று மட்டும் நான் கேட்கவில்லை. பார்த்தாலே தெரிகிற விஷயத்தை யாராவது கேட்பார்களா?

இப்போது அந்தக் கம்பம் இல்லை. இருந்த இடத்தில் ஒரு குழி மட்டும் இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், பார்த்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நான் கொடுத்த பட்டியலை ஒருவர் படித்திருக்கிறார், வேலையும் நடந்திருக்கிறது. போனை எடுத்து, சரிபார்ப்புக் கட்டத்தில் ‘அகற்றப்பட்டது’ என்று டிக் போட்டேன்.

சேவியர் ஜீப்பிலிருந்தபடியே சொன்னார். “இங்கனதான் சரசக்கா தோட்டத்துப் போர்டு இருந்துச்சு மேடம். பிடுங்கிட்டுப் போய்ட்டாய்ங்க. ஆப்பிள் சீசனு, ஒரு வண்டி மேல ஏற மாட்டேங்குது.”

“அது எழுத்தே இல்லாத பலகைதானே?”

“எழுத்து அந்தப் பக்கம் இருக்கும் மேடம். பழம் இருந்தா எழுத்து ரோட்டப் பாத்து இருக்கும். பழம் முடிஞ்சா கழட்டித் திருப்பி மாட்டிருவாங்க. இல்லாட்டி வர்றவங்க சும்மா ரெண்டு கிலோமீட்டர் ஏறிப் போயி ஏமாந்து திரும்பணும்ல.”

நான் பிப்ரவரியில் வந்திருந்தேன். பழம் எல்லாம் முடிந்திருந்தது. வருகிறவர்கள் ஏமாறக்கூடாது என்று மூன்று தோட்டக்காரர்கள் மெனக்கெட்டுக் கழற்றித் திருப்பி மாட்டிய பலகைகளைத்தான் கைவிடப்பட்டவை என்று எழுதியிருக்கிறேன். அனுமதி இல்லாதது என்று எழுதியிருந்தால்கூட நோட்டீஸ் வந்திருக்கும், பதில் சொல்ல நாள் கிடைத்திருக்கும். கைவிடப்பட்டதற்கு நோட்டீஸ் யாருக்கு அனுப்புவார்கள்? அலுவலகத்து ஆட்கள் நேராக வந்து பிடுங்கிவிட்டார்கள். அவர்கள்மேல் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை, என் பட்டியலை நம்பினார்கள்.

ஜீப்பை மேலே விடச் சொன்னேன். மூன்று தோட்டங்களில் இரண்டு பெரியவை, விளைச்சலை மொத்தமாக வியாபாரிகளுக்குக் கொடுத்துவிடுவார்கள், அந்தத் தோட்டக்காரர்களுக்குப் பலகை போனது பெரிய விஷயம் இல்லை. சரசு அக்காவுடையது சிறியது. ஆப்பிள், பிளம்ஸ், பேஷன் ஃப்ரூட் என்று எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம். வருகிறவர்கள் தாங்களே பறித்து எடைபோட்டு வாங்கிப் போவதை நம்பித்தான் அந்த வீடு ஓடுகிறது. அக்காவுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். நான் போனபோது உதிர்ந்த ஆப்பிள்களைக் கூடையில் பொறுக்கிக்கொண்டிருந்தார். கணவர் கோவில்கடவு ஊரில் ஒரு கடைக்குக் கூலிக்குப் போயிருந்தார், அந்த மாதத்திலிருந்துதான் போகிறாராம்.

“வா பாப்பா. வழி எப்படித் தெரிஞ்சுச்சு?” என்றார் முதலில்.

ஜீப்காரர் கூட்டிவந்தார் என்றேன். பறித்துக்கொள்ளச் சொல்லிப் பையைக் கொடுத்துவிட்டு, பேச ஆள் கிடைத்ததில் கடகடவென்று சொன்னார். “கீழ முனை வீட்டுக்காரன்தான் போர்டப் பிடுங்கச் சொல்லிப் பராதி கொடுத்தது. பாண்டின்னு பேரு. இருபது வருஷமா அவன் வரப்புலதான் எங்க கம்பம் நின்னுச்சு. ஒரு பைசா கேட்டதில்ல. பதிலுக்கு எங்க ஓடையிலருந்து அவனுக்கு ஓஸ் போட்டுத் தண்ணி விட்டோம். இப்ப அவன் ரூம் கட்டி வாடகைக்கு விடப்போறான்ல, அவன் போர்டு மட்டும் தெரியணுமாம்.”

“அவர்தான் கொடுத்தார்னு எப்படித் தெரியும் அக்கா?”

“படத்தப் பாத்தேன்ல. பிடுங்க வந்தவய்ங்க கையில பேப்பர் இருந்துச்சு, அதுல போர்டு படம். அவன் வாசப்படியில நின்னு எடுத்த படம் பாப்பா. அவன் வீட்டு நீல டிரம்மு ஓரத்துல தெரியுது. என்னமோ ஒரு பொண்ணு வந்து போன்ல எடுத்துச்சுன்னு கத கட்டுறான். எந்தப் பொண்ணு, என்ன பேரு, எந்த ஊருன்னு கேட்டா தெரியலங்குறான். நான் அன்னைக்கே ஓச வெட்டி விட்டுட்டேன்.”

அந்தப் பொண்ணு எதிரே நின்று ஆப்பிள் பறித்துக்கொண்டிருந்தாள். சொல்லியிருக்க வேண்டும், அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். இரண்டு கிலோ எடை போட்டு வாங்கினேன். அக்கா உரிமையோடு இன்னும் நான்கைந்து பழங்களைப் பையில் போட்டார். வாங்கிக்கொண்டு ஜீப்பில் ஏறிவிட்டேன். இந்தப் பயணத்தில் எனக்கு மிகவும் வெட்கமான விஷயம் எது என்று கேட்டால் தவறாக டிக் போட்டதைச் சொல்ல மாட்டேன், அந்த நான்கைந்து பழங்களை வாங்கிக்கொண்டதைத்தான் சொல்வேன்.

காந்தலூரில் அறை தொள்ளாயிரம் ரூபாய், சுத்தமாக இருந்தது, வெந்நீர் காலை ஏழு வரைதான். வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கு நடந்தே வளைவுக்கு இறங்கினேன். இந்தப் பக்கம் மழைமறைவு, ஆகஸ்டிலும் சாரல்தான், அதுவும் இந்த வருஷம் சரியாக இல்லை. பாண்டி அண்ணனின் பீன்ஸ் கொடிகள் தண்ணீரில்லாமல் குச்சியிலேயே பழுத்துத் தொங்கின. என்னைக் கண்டதும் எழுந்துவிட்டார்.

“நீங்கதான மேடம் அன்னைக்கு வந்தது?”

“நான்தான் அண்ணே.”

எல்லாவற்றையும் சொன்னேன். நான் முடித்ததும் அவர் சொன்னார். “ஒரு பொண்ணு வந்துச்சுன்னு ஊரு பூராச் சொன்னேன் மேடம். பேரு என்னன்னு கேட்டாங்க. எனக்குத் தெரியல. அரைமணி நேரம் உக்காந்து சாயா குடிச்சிட்டுப் போனீங்க, பேரு சொல்லல பாத்தீங்களா. கோயில்ல வந்து சத்தியம் பண்றேன்னேன். அதையும் அந்தம்மா நம்பல.”

மன்னிப்புக் கேட்டேன். “எங்கிட்ட எதுக்கு? மேல போயிச் சொல்லுங்க” என்றார்.

ஏறிப் போனேன். இந்த முறை நிற்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன். போனில் அந்தப் படத்தையும் காட்டினேன், ஓரத்தில் நீல டிரம். சரசு அக்கா படத்தை வெகுநேரம் பார்த்தார். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“நேத்து ஏன் பாப்பா சொல்லல?” என்றார். பிறகு, “அவன் மக படிப்புக்குப் போகையில நான்தான் பெட்டி தூக்கிட்டு பஸ் வரைக்கும் போனேன். அவன் பொண்டாட்டி கிட்ட என்னென்ன வார்த்தை பேசிட்டேன் தெரியுமா” என்றார். கூடையை அப்படியே வைத்துவிட்டு ஓடைப்பக்கம் போனார். வெட்டிய ஓஸை ஒரு ரப்பர் துண்டு சுற்றி இறுக்கிக் கட்டினார்.

நான் உள்ளாட்சி அலுவலகத்துக்குப் போய், தவறு என்னுடையது என்று எழுதிக்கொடுத்தேன். அங்கிருந்தவர் நிதானமாகத்தான் பேசினார். கம்பத்தைத் திரும்ப நட விண்ணப்பம் கொடுத்தால் போதும், கட்டணமும் அதிகம் இல்லை. ஒன்று மட்டும் வேண்டும், சம்மதபத்ரம். அதாவது கம்பம் நிற்கப்போகும் நிலத்துக்காரரின் கையெழுத்திட்ட ஒப்புதல். இருபது வருஷம் ஒரு காகிதமும் இல்லாமல் நின்ற கம்பம், என்னால் கோப்புக்குள் வந்துவிட்டது, இனி காகிதம் இல்லாமல் நிற்காது.

படிவத்தை அங்கேயே நிரப்பி, ஒரு மணிக்கு மறுபடி வளைவுக்கு வந்தேன். மேலிருந்து தண்ணீர் வந்திருந்தது. நீல டிரம் நிரம்பி வழிந்து ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தது. பாண்டி அண்ணன் அதைப் பார்த்தபடி வாசலில் உட்கார்ந்திருந்தார், பீன்ஸுக்குத் திருப்பிவிடவில்லை. படிவத்தை நீட்டினேன். இரண்டு பக்கமும் படித்தார்.

“போட மாட்டேன்னு சொல்லல மேடம். அந்தம்மா வந்து கேக்கட்டும். நான் இருபது வருஷமா கேக்காமலே கொடுத்தேன், ஒரு தடவ கேட்டாத் தேஞ்சா போகும்?”

மேலே போய்ச் சொன்னேன். “எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் போயிக் கேப்பேன் பாப்பா” என்றார் அக்கா. படிவத்தை வாங்கி மடித்து உள்ளே கொண்டுபோய் வைத்தார். நான் இரண்டே காலுக்கு மறையூர் பஸ் ஏறினேன்.

இனி நீங்கள் கேட்டது. இந்த மாதிரி உதவித்தொகைகளுக்குப் பெரும்பாலும் முப்பது வயதுக்குள் இருக்க வேண்டும், நகரமைப்புப் படிப்போ அதில் வேலையோ வேண்டும், ஒரு பக்க ஆய்வுக்குறிப்பும் செலவுத் திட்டமும் கேட்பார்கள். ஜீப்புக்குத் தனியாகப் பணம் ஒதுக்குங்கள், பஸ்ஸை மட்டும் நம்பினால் மலையில் ஒரு நாளில் பாதி போய்விடும். சின்னாறு காட்டுவழியில் அந்திக்குப் பின் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு உண்டு, முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். ஸ்வெட்டர் கட்டாயம். ஒரே சீசனில் போய்க் கணக்கெடுக்காதீர்கள். மலையூர்களில் பழம் இருக்கும்போது ஒரு முறை, இல்லாதபோது ஒரு முறை போங்கள். போன இடத்தில் உங்கள் பெயரையும் ஊரையும் போன் எண்ணையும் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். உங்கள் பட்டியலில் எத்தனை கட்டம் இருந்தாலும், அதன் பக்கத்தில் குடியிருக்கிறவரிடம் இது என்ன என்று கேட்டுவிட்டு அப்புறம் தட்டுங்கள். தெரிந்த விஷயமாக இருந்தாலும் கேளுங்கள்.

அறிக்கையைத் திருத்தி அனுப்பிவிட்டேன். அறக்கட்டளை, தவற்றை ஒப்புக்கொண்டது முன்மாதிரி என்று பாராட்டி ஒரு கடிதம் அனுப்பியது. அதைப் படிக்கக் கூச்சமாக இருந்தது.

போன வாரம் சரசு அக்காவுக்குப் போன் செய்தேன். ஆப்பிள் முடிந்துவிட்டது என்றார். பாதிக்கு மேல் மரத்தடியிலேயே போய்விட்டதாம். தண்ணீரைத் தினமும் திறந்துவிடுகிறாராம், பாண்டி அண்ணன் எடுத்துக்கொள்கிறாரா என்று பார்க்கக் கீழே இறங்குவதில்லையாம்.

“அண்ணன் கையெழுத்துப் போட்டாரா அக்கா?”

“நான் இன்னும் கேக்கல பாப்பா” என்றார்.